பதின்மூன்று ஆண்டுகள் தனித்து ஒலித்த குரல்

தென்னாபிரிக்கப் பாராளுமன்றத்தில் ஹெலன் சுஸ்மான்

பாராளுமன்றம் என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவரில் பலருக்கு ஏமாற்றமே முதலில் நினைவுக்கு வரும். பேசப்பட்ட பேச்சுகள் எத்தனை! கைவிடப்பட்ட ஒப்பந்தங்கள் எத்தனை! 1983 ஆகஸ்டில் இலங்கை அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. அது விதித்த சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தமது ஆசனங்களை இழந்தனர். எண்ணிக்கையால் எம்மை நசுக்கிய ஒரு சபையில் எமது பிரதிநிதிகள் அமர்ந்திருந்து எதைச் சாதித்தார்கள் என்ற கேள்வி, புலம்பெயர்ந்து வந்த பின்னரும் எமது வீடுகளில் ஓயாது எழுந்துகொண்டே இருக்கிறது.

அக்கேள்வியை மனத்திற் கொண்டு வேறொரு நாட்டின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது பயனுடையது. நிறவெறி ஆட்சி கோலோச்சிய தென்னாபிரிக்காவில், வெள்ளையர்கள் மட்டுமே அமர்ந்திருந்த பாராளுமன்றத்தில், 36 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர் ஹெலன் சுஸ்மான். அவற்றுள் 13 ஆண்டுகள் அவர் தமது கட்சியின் ஒரேயோர் உறுப்பினராக இருந்தார். நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் நிறைந்த அவையில், நிறவெறியை அடியோடு எதிர்த்து நின்ற குரலாக அந்த ஆண்டுகளில் ஒலித்தது அவரது குரல் ஒன்றே.

அகதிகளின் மகள்

ஹெலன் சுஸ்மான் 1917 நவம்பர் 7ஆம் திகதி, ஜொகன்னஸ்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஜேர்மிஸ்டன் என்ற தங்கச் சுரங்க நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் லித்துவேனியாவிலிருந்து வந்த யூதர்கள். ருசியப் பேரரசின் கீழ் யூதர்கள் அனுபவித்த ஒடுக்குமுறைகளும் வறுமையும் அவர்களுட் பல்லாயிரம் பேரைக் கடல் கடக்கச் செய்த காலம் அது. மகள் பிறந்த சில நாள்களுக்குள் தாய் இறந்துபோனார். தந்தை வணிகத்தில் உயர்ந்து வசதி பெற்றார். கன்னியர் மடப் பாடசாலையிலும், பின்னர் விற்வோட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்திலும் கல்வி கற்ற ஹெலன், 1937இல் மருத்துவர் ஒருவரை மணந்து இரு பெண் குழந்தைகளுக்குத் தாயானார். பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு கற்பித்தார்.

வசதியான வெள்ளையர் குடும்பம், பெரிய வீடு, பணியாளர்கள், அமைதியான வாழ்வு. அந்த வாழ்வைக் குலைத்தது ஒரு படிப்பு. நகரங்களில் வாழும் ஆபிரிக்கர்களைப் பற்றிய சட்டங்களை ஆராய 1946இல் அரசு ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. அதற்கு முன்வைப்பதற்கான சான்றுகளைத் திரட்டும் பணி ஹெலனிடம் வந்தது. ஒரு கறுப்பினத் தொழிலாளி தான் பிறந்த நாட்டிலேயே ஒரு நகரில் தங்குவதற்கும், வேலை தேடுவதற்கும், மனைவியுடன் ஒரே கூரையின் கீழ் உறங்குவதற்கும் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்பதை அவர் சட்டப் புத்தகங்களின் வரிகளிலேயே கண்டார். பின்னாளில் அவர் அவையில் எழுப்பிய கேள்விகள் யாவற்றுக்கும் வித்து அங்கேதான் விழுந்தது.

1948இல் தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. இனங்களைப் பிரித்து வைப்பது அரசின் கொள்கையாயிற்று. 1953 தேர்தலில் ஜொகன்னஸ்பேர்க்கின் செல்வர்கள் வாழும் ஹவுட்டன் தொகுதியிலிருந்து, எதிர்க்கட்சியான ஐக்கியக் கட்சியின் உறுப்பினராக ஹெலன் பாராளுமன்றம் சென்றார்.

கட்சியை விட்டு வெளியேறல்

எதிர்க்கட்சி என்ற பெயரைத் தாங்கியிருந்தாலும் ஐக்கியக் கட்சி நிறவெறியை உறுதியுடன் எதிர்க்கவில்லை. வெள்ளை வாக்காளரை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் அதனை வாட்டியது. 1959இல் புளூம்ஃபொன்ரெயினில் கூடிய அக்கட்சி மாநாடு, ஆபிரிக்கர்களுக்கென மேலும் நிலம் வாங்குவதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 1936இல் சட்டத்தின் மூலம் அளிக்கப்பட்ட வாக்குறுதியையே கைவிடும் தீர்மானம் அது. ஹெலனும் வேறு சில உறுப்பினர்களும் கட்சியை விட்டு வெளியேறி, முற்போக்குக் கட்சியைத் தோற்றுவித்தனர்.

அதற்கான விலையை வாக்காளர்கள் விரைவில் வசூலித்தார்கள். 1960 மார்ச் 21ஆம் திகதி ஷார்ப்வில்லில் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது பொலிசார் சுட்டதில் 69 பேர் கொல்லப்பட்டனர். அவசரகால நிலை வந்தது. ஆபிரிக்க தேசிய காங்கிரசும், அனைத்து ஆபிரிக்கர் காங்கிரசும் தடை செய்யப்பட்டன. அச்சத்தில் ஆழ்ந்திருந்த வெள்ளையர்கள் 1961 ஒக்டோபரில் வாக்களித்தபோது முற்போக்குக் கட்சியினர் அனைவரும் தோற்றனர். ஹெலன் ஒருவர் மட்டும் தப்பினார். அவருக்குக் கிடைத்த பெரும்பான்மை 564 வாக்குகள். அந்த 564 வாக்குகளில்தான் பின்வந்த 13 ஆண்டுகாலப் போராட்டம் தொங்கிக்கொண்டிருந்தது.

கேள்வியே ஆயுதம்

தனியொருவர் சட்டத்தைத் தோற்கடிக்க முடியாது. அமைச்சரவையைக் கவிழ்க்கவும் முடியாது. ஆனால் பாராளுமன்ற உறுப்பினர் என்ற முறையில் அவரிடம் இரண்டு உரிமைகள் இருந்தன. அமைச்சரிடம் கேள்வி கேட்பது ஒன்று. அவையில் பேசியவற்றுக்காக எவரும் தன்மீது வழக்குத் தொடர முடியாது என்ற சிறப்புரிமை மற்றொன்று. இவ்விரண்டையும் ஹெலன் பயன்படுத்திய விதமே அவரது வரலாறு.

கடவை வைத்திருக்காத குற்றத்திற்காகக் கடந்த ஆண்டில் கைதானோர் எத்தனை பேர்? தூக்கிலிடப்பட்டோர் எத்தனை? கசையடி பெற்றோர் எத்தனை? விசாரணையின்றித் தடுப்பில் உள்ளோர் எத்தனை? வீடுகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் எத்தனை? ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கில் இத்தகைய கேள்விகளை அவர் எழுத்தில் சமர்ப்பித்தார். அமைச்சர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். சொன்ன பதில் அவையின் பதிவேட்டில் அச்சாகும். அச்சானதைப் பத்திரிகைகள் வெளியிடலாம்.

இதன் அருமையை அக்காலச் சட்டங்களோடு சேர்த்துப் பார்த்தால் புரியும். தடை விதிக்கப்பட்ட ஒருவர் கூறியதைப் பத்திரிகைகள் மேற்கோள் காட்டுவது குற்றம். சிறைச்சாலைகளின் நிலைமை குறித்து எழுதுவதை 1959ஆம் ஆண்டுச் சிறைச்சட்டம் ஏறக்குறைய இயலாததாக்கியிருந்தது. எங்கும் வாய் அடைக்கப்பட்டிருந்த நாட்டில், அமைச்சரின் வாயாலேயே உண்மையை வரவழைக்கும் ஒரே வழி பாராளுமன்றக் கேள்வியாக இருந்தது. அவ்வாறு வெளிவந்த எண்கள் ஆய்வு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் இடம்பெற்றன. உலகெங்கும் நிறவெறி எதிர்ப்பாளர்கள் அவற்றை எடுத்துக் காட்டினர். எதிரிகள் இட்டுக்கட்டிய கணக்கு என்று அரசு மறுக்க வழியில்லை. கணக்கைக் கொடுத்ததே அரசுதான்.

இக்கேள்விகளால் வெளிநாடுகளில் தென்னாபிரிக்காவுக்கு அவமானம் உண்டாகிறது என்று ஓர் அமைச்சர் சினந்தபோது, அவமானத்தைத் தருவன தம் கேள்விகள் அல்ல, அமைச்சரின் பதில்களே என்று ஹெலன் திருப்பிக் கூறியது இன்றும் பலராலும் நினைவுகூரப்படுகிறது.

ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கேப்டவுணில்தான் பாராளுமன்றம் கூடும். ஆண்டின் பல மாதங்களைக் குடும்பத்தைப் பிரிந்து அங்கே கழித்தார். அவையில் அவரைச் சூழ்ந்து கூச்சலும் ஏளனமும் எழும். யூதப் பெண் என்ற வசை வரும்; நாட்டை விட்டுப் போ என்ற கூவலும் வரும். அவரது தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டது. அதையறிந்த அவர், ஒட்டுக்கேட்பவரின் காது வலிக்கத் தொலைபேசியில் விசில் ஊதுவாராம். 1966 செப்ரெம்பர் 6ஆம் திகதி பிரதமர் வெர்வூர்ட் அவைக்குள்ளேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டபோது, பாதுகாப்பு அமைச்சராக இருந்த பி.டபிள்யூ.போத்தா ஹெலனை நோக்கி விரலை நீட்டி, இதற்கு நீங்களே காரணம் என்று கத்தினார். ஹெலன் விடவில்லை. போத்தா மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

விசாரணையற்ற தடுப்புக்காவல்

1963இல் கொண்டுவரப்பட்ட ஒரு சட்டம், எவரையும் குற்றஞ்சாட்டாமல் 90 நாள்கள் தனிமைச் சிறையில் அடைத்துவைக்கப் பொலிசாருக்கு அதிகாரம் அளித்தது. 90 நாள் முடிந்ததும் மீண்டும் 90 நாள் அடைக்கலாம். பிரதான எதிர்க்கட்சியும் அதனை ஆதரித்தது. எதிர்த்து வாக்களித்தவர் ஹெலன் ஒருவரே. 1965இல் 90 நாள் 180 நாளாயிற்று. 1967ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டம் கால வரையறையையே நீக்கிவிட்டது.

அதே 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் இன்னொரு பிரிவு, தண்டனைக் காலத்தை முடித்த கைதியையும் விடுவிக்காது வைத்திருக்க வழி செய்தது. அனைத்து ஆபிரிக்கர் காங்கிரசின் தலைவர் றொபேட் சொபுக்வே ஒருவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்ட பிரிவு அது. மூன்றாண்டுத் தண்டனையை முடித்திருந்த அவர் மேலும் ஆறு ஆண்டுகள் றொபன் தீவில் தனிமையில் வைக்கப்பட்டார். ஆண்டுதோறும் அப்பிரிவு நீடிக்கப்பட்ட வேளைகளில் ஹெலன் எழுந்து எதிர்த்தார்.

இவற்றை வாசிக்கும் எமது மக்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1979இல் இலங்கை கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 18 மாதங்கள் வரை குற்றச்சாட்டின்றித் தடுத்துவைக்க இடமளித்தது. தென்னாபிரிக்காவின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்துடன் அதனைச் சர்வதேச சட்ட வல்லுநர்கள் 1980களிலேயே ஒப்பிட்டு எழுதியுள்ளனர். எமது வீடுகளில் எத்தனை பிள்ளைகள் அச்சட்டத்தின் வாயிலினூடே உள்ளே சென்றனர். எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பதை இங்கே எழுதவேண்டியதில்லை.

தென்னாபிரிக்காவிலும் தடுப்புக்காவல் சாவுகளுக்கான வாயிலாயிற்று. 1963 செப்ரெம்பரில் லுக்ஸ்மார்ட் ங்குட்லே அவ்வாறு இறந்தார். 1971இல் இந்திய வம்சாவளி இளம் ஆசிரியர் அகமட் ரிமோல் ஜொகன்னஸ்பேர்க் பொலிஸ் தலைமையகத்தின் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அது தற்கொலை என்று 1972இல் தீர்ப்பாயிற்று. குடும்பத்தினர் ஓயவில்லை. 2017இல் வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டு, அது கொலையே என நீதிபதி முடிவு செய்தார். 46 ஆண்டுகளின் பின்னர் கிடைத்த அத்தீர்ப்பு, காணாமற் போனோரின் தாய்மாருக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது: மறக்காமல் எழுதிவைக்கப்பட்டவை என்றோ ஒருநாள் பேசும்.

றொபன் தீவின் சிறைக்கூடம்

1967இல் ஹெலன் றொபன் தீவுக்குச் சென்றார். ஆயுட்காலத் தண்டனை பெற்றிருந்த நெல்சன் மண்டேலாவையும் தோழர்களையும் அவர்களது சிறைக்கூடங்களிலேயே கண்டார். கைதிகள் தனித்தனியே முறையிடாமல், மண்டேலாவிடம் பேசுமாறு அவரை அனுப்பினர். சிறை அதிகாரிகள் அருகில் நிற்கவே, உணவு, உடை, படிப்பு, செய்தித்தாள் மறுப்பு ஆகியவற்றை மண்டேலா ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். கையில் நாசிகளின் சுவஸ்திகாவைப் பச்சை குத்தியிருந்த ஒரு காவலனின் கொடுமையையும் அஞ்சாது சொன்னார்.

ஹெலன் அதை அமைச்சரிடம் கொண்டு சென்றார். அக்காவலன் தீவிலிருந்து மாற்றப்பட்டான். கைதிகளின் நிலை ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆயினும் வெளியுலகின் கண் தம்மீது இருக்கிறது என்பதைச் சிறை அதிகாரிகள் உணர்ந்தனர். தாம் மறக்கப்படவில்லை என்பதைக் கைதிகள் உணர்ந்தனர். தமது சுயசரிதையில் மண்டேலா இவ்வருகையை நன்றியுடன் பதிந்துள்ளார்.

சிறைகளுக்கு மட்டும் அவர் செல்லவில்லை. கறுப்பினக் குடியிருப்புகளையும், மக்கள் பலவந்தமாகக் கொண்டுபோய் இறக்கப்பட்ட வெற்று நிலங்களையும் நேரில் கண்டபின்னரே அவற்றைப் பற்றிப் பேசினார். போய்ப் பார், பிறகு பேசு என்பது அவரது வழக்கம்.

வாக்கற்றோரின் உறுப்பினர்

அவருக்கு வாக்களித்தோர் ஹவுட்டனின் வெள்ளையர்கள். அவருக்குக் கடிதம் எழுதியோரோ நாடெங்கிலும் வாழ்ந்த கறுப்பின மக்கள், கலப்பினத்தவர், இந்திய வம்சாவளியினர். ஆபிரிக்கர்களுக்கென வெள்ளையர் சிலர் பாராளுமன்றில் அமர்ந்திருந்த ஏற்பாடும் 1960இல் ஒழிக்கப்பட்டிருந்தது. எனவே கடவுச்சீட்டு மறுக்கப்பட்டவர், கணவன் தடுத்துவைக்கப்பட்ட மனைவி, நகரில் தங்கும் உரிமை பறிக்கப்பட்ட முதியவர் எனப் பலரும் அவரையே நாடினர். ஒவ்வொரு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அமைச்சுகளின் கதவைத் தட்டினார்.

அங்கே எமது இனத்தாரும் இருந்தனர் என்பதை மறக்கலாகாது. 1860 ஒக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்றூரோ என்ற கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை டேர்பனுக்கு ஏற்றிச் சென்றது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த அவர்களிற் பெருந்தொகையினர் தமிழர். நூறாண்டு வாழ்ந்த பின்னர், 1961இலேதான் அவர்களது சந்ததியினர் நாட்டின் நிரந்தரக் குடிகள் என அரசு ஏற்றது. 1950ஆம் ஆண்டு இனவாரிக் குடியிருப்புச் சட்டம் டேர்பனின் கேற்றோ மனோர் பகுதியிலிருந்து அவர்களைப் பெயர்த்தெடுத்துச் சற்ஸ்வேர்த்தில் குடியேற்றியது. கட்டிய வீடும் கோயிலும் விட்டு நீங்கிய துயரம் அவர்களுக்கும் உண்டு.

1983இல் அரசு வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என மூன்று அவைகள் கொண்ட புதிய அரசியலமைப்பை முன்வைத்தது. பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு அதில் இடமில்லை. ஹெலனும் அவரது கட்சியும் அதனை எதிர்த்தனர். 1984 தேர்தலில் இந்திய வம்சாவளியினரிற் பெரும்பாலோர் வாக்களிக்காது புறக்கணித்தனர். தமக்கு ஒரு துண்டை எறிந்து, மற்றவரைப் பட்டினி போடும் பந்தியில் அவர்கள் அமர விரும்பவில்லை.

எழுந்த விமர்சனங்கள்

அவரைப் போற்றுவதோடு நிறுத்திவிட்டால் வரலாறு முழுமையாகாது. விடுதலை இயக்கத்தினர் பலர் அவரைக் கடுமையாக விமர்சித்தனர். வெள்ளையர் மட்டுமே கொண்ட பாராளுமன்றில் அமர்வதன் மூலம், அங்கே ஜனநாயகம் நிலவுகிறது என்ற போலித் தோற்றத்துக்கு அவர் துணைபோகிறார் என்றனர். 1968இல் பல்லினக் கட்சிகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தபோது, லிபரல் கட்சி பணிய மறுத்துத் தன்னைக் கலைத்துக்கொண்டது. முற்போக்குக் கட்சி வெள்ளையர் கட்சியாகத் தொடர்ந்தது. கல்வியும் சொத்தும் உள்ளோர்க்கே வாக்குரிமை என்ற கொள்கையை நெடுங்காலம் வைத்திருந்த அக்கட்சியின் வழிவந்தோர், 1978இலேதான் அனைவருக்கும் வாக்குரிமை என்பதை ஏற்றனர். தென்னாபிரிக்கா மீதான பொருளாதாரத் தடைகளையும் ஹெலன் எதிர்த்தார். வேலையிழந்து வாடப்போவோர் கறுப்பினத் தொழிலாளரே என்பது அவரது வாதம். விடுதலை இயக்கமோ தடைகளை வலியுறுத்தி நின்றது.

இவ்விமர்சனங்களில் நியாயம் உண்டு என்பதே எமது கருத்து. நிறவெறியை வீழ்த்தியது ஹெலனின் பேச்சன்று. சொவெற்றோவின் மாணவர்களும், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரும், சிறையிலும் நாடுகடந்தும் போராடியோரும், உலகின் அழுத்தமும் சேர்ந்தே அதை வீழ்த்தின. ஆனால் அந்த நீண்ட இரவில், கைதான ஒருவனின் பெயரை அவையில் உரத்துச் சொன்னவர் அவர். பெயர் சொல்லப்பட்டவனை இரகசியமாக அழிப்பது கடினம். எத்தனை உயிர்கள் அவ்வாறு காக்கப்பட்டன என்பதற்குக் கணக்கில்லை. காக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு அந்தக் கணக்குத் தேவையுமில்லை.

நிறைவுக் காலம்

1974 தேர்தலில் அவருடைய கட்சியைச் சேர்ந்த மேலும் அறுவர் வெற்றி பெற்றனர். தனிமை நீங்கியது. 1978இல் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அவர் முதல் நாளிலிருந்து எதிர்த்துவந்த அனுமதிச் சீட்டுச் சட்டங்கள் 1986இல் நீக்கப்பட்டன. மலான், ஸ்ட்ரெய்டம், வெர்வூர்ட், வொர்ஸ்டர், போத்தா என ஐந்து ஆட்சித் தலைவர்களை எதிர்கொண்ட அவர், 1989இல் அவையிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் மண்டேலா விடுதலையானார்.

1994இல் அனைத்து மக்களும் வாக்களித்த முதல் தேர்தலை நடத்திய ஆணைக்குழுவில் ஹெலனும் ஓர் உறுப்பினர். 1996 டிசெம்பர் 10ஆம் திகதி, மனித உரிமை நாளன்று, ஷார்ப்வில்லில் வைத்து மண்டேலா புதிய அரசியலமைப்பில் ஒப்பமிட்டபோது ஹெலன் உடனிருந்தார். புதிய அரசையும் அவர் விட்டுவைக்கவில்லை. எயிட்ஸ் நோயை அது கையாண்ட முறையையும், சிம்பாப்வே விடயத்தில் அது காத்த மௌனத்தையும் வெளிப்படையாகக் கண்டித்தார். 2009 ஜனவரி முதலாம் திகதி, 91ஆவது வயதில் ஜொகன்னஸ்பேர்க்கில் காலமானார்.

எமக்கு இதிலென்ன?

வாக்குரிமை இல்லாத மக்களும் ஒரு பாராளுமன்ற உறுப்பினரை நாடலாம், நாடவேண்டும் என்பதே இவ்வரலாற்றில் நாம் காணும் முதற் பாடம். எம்முட் பலர், பிரஜாவுரிமை கிடைத்த பின்னரே அரசியல்வாதியிடம் செல்லலாம் என்று எண்ணி ஒதுங்கியிருக்கின்றனர். பிரித்தானியாவிலும் கனடாவிலும் ஒரு தொகுதியில் வாழும் எவரும் அத்தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தை அணுகலாம். வாக்காளராக இருக்கவேண்டும் என்பதில்லை. அகதி விண்ணப்பத்தை ஏற்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஆண்டுக்கணக்காகப் பதில் வராத கோப்பு எங்கே கிடக்கிறது என்று அவரால் கேட்கமுடியும். சட்டத்தரணியின் இடத்தை அவர் நிரப்பமாட்டார். ஆயினும் அவரது கடிதத்துக்கு அதிகாரிகள் பதிலளிக்க வேண்டியிருக்கும்.

செல்லும்போது வெறுங்கையுடன் செல்லாதீர்கள். கோப்பு இலக்கம், திகதிகள், வந்த கடிதங்களின் பிரதிகள் ஆகியவற்றுடன், நடந்ததை ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதிச் செல்லுங்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளையை உடன் அழைத்துச் செல்வதில் வெட்கமில்லை. ஊரில் தடுத்துவைக்கப்பட்ட அல்லது காணாமற் போன உறவினர் பற்றி முறையிடுவதாயின், பெயரையும் நாளையும் இடத்தையும் திருத்தமாகச் சொல்லுங்கள். ஹெலன் சுஸ்மானின் வலிமை கண்ணீரில் இருக்கவில்லை. திருத்தமான விபரங்களில் இருந்தது.

இரண்டாவது பாடம் எம் பிள்ளைகளுக்கு உரியது. இந்நாடுகளில் வளரும் அவர்களுட் சிலர் நாளை சபைகளில் அமர்வர். அங்கே பெரும்பான்மை அவர்களுடன் இருக்குமா என்பது எவர்க்கும் தெரியாது. தமக்கு வாக்களித்தோரை மட்டுமன்றி, வாக்கற்றோரின் கடிதங்களையும் அவர்கள் வாசிக்கவேண்டும். அகதிகளின் மகளாகப் பிறந்த ஒருத்தி 36 ஆண்டுகள் அதைச் செய்தாள் என்பதை அவர்களுக்குச் சொல்லிவைப்பது பெற்றோராகிய எமது கடன்.